பத்துக் கல்யாணத்தில் எத்தனை?

ஜூன் 9, திங்கள்

எனக்குச் சிரிக்கவே வராது என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் புகழால் இன்று ஒரு கோப்பு கிடைத்தது.

எங்கள் பிரிவு என்னதான் செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புதிதாக ஒரு மருந்தோ கருவியோ சிகிச்சையோ வந்தால், அதை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்வோம். போடுகிற பணத்துக்கு மக்களுக்கு எவ்வளவு நல்ல வாழ்நாள் திரும்பக் கிடைக்கிறது என்று கணக்குப் போடுவோம். கணக்குப் போடுபவள் நான். தமயந்தி, முப்பத்தெட்டு வயது, ஒரு கணவர், ஆறு வயதில் ஒரு மகள், அலமாரி நிறையக் கருநீலப் புடவை.

கோப்பைக் கொண்டுவந்தவள் எஸ்தர். பக்கத்துக் கட்டடத்து ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நாகர்கோவில்காரி. அவள் மாடிப்படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம் முதலில் வந்து உட்கார்ந்துவிடும். விஷயம் இது: பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு இருமினால், தும்மினால், குடம் தூக்கினால், சிரித்தால் சிறுநீர் கசியும். யாரும் வெளியே சொல்வதில்லை. இடுப்புக்கு அடியில் உள்ள தசைகளை இறுக்கிப் பழகினால் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். மாத்திரை வேண்டாம், கத்தி வேண்டாம், ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்த ஆளைப் போட அரசு செலவு செய்யலாமா?

"வேற யார்கிட்ட குடுத்தாலும் சிரிச்சே கெடுத்துடுவாங்க. நீங்கதான் சரி" என்றார் மாதவராஜ் சார், எங்கள் தலைவர்.

"மேடம் ஒருநாள் வாய்விட்டுச் சிரிச்சா நான் வேளாங்கண்ணிக்குப் போயி மொட்டை போடுகேன் சார்" என்றாள் எஸ்தர்.

சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கோப்பின் முதல் பக்கத்தைப் படித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

அம்மா ஊரிலிருந்து பேசினாள். "தரணிக்கு முடிவாயிருச்சு கண்ணு! தை மாசம். பொண்ணு காங்கேயத்துப் பக்கம். இணைச்சீருக்கு நீ இப்பவே லீவு சொல்லிப் போடு."

தரணி என் ஒரே தம்பி. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள்தான் இணைச்சீர்க்காரி. பேழைக்கூடையைச் சுமந்துகொண்டு தம்பியோடு சீரில் இருக்க வேண்டும். சடங்கை நடத்தும் அருமைக்காரர் முடிந்தது என்று சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நகர முடியாது. மாமன் மச்சான்கள் சுற்றி நின்று அவளைச் சிரிக்க வைப்பதையே ஒரு வேலையாகச் செய்வார்கள்.

"தையில பட்ஜெட் வேலை இருக்கும்மா. பெரியப்பா மக சுகந்திய வெச்சுச் செஞ்சரலாமே" என்றேன்.

"கூடப் பொறந்தவ கல்லுக்குண்டாட்ட இருக்கறப்ப எதுக்குடி சுகந்தி? தம்பி கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வேலை அதிகம். தை மாதத்தில் எப்போதுமே வேலை அதிகம்.

ஜூன் 24, செவ்வாய்

பெண்களைப் பேட்டி எடுக்கப்போகும் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஒரு நோய் மனிதரை எவ்வளவு படுத்துகிறது என்று அளக்க உலகம் முழுக்க ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். "இந்தத் தொல்லையோடு பத்து வருடம் வாழலாம். அல்லது தொல்லை இல்லாமல், ஆனால் அதைவிடக் குறைந்த வருடம் வாழலாம். தொல்லை போவதற்காகப் பத்தில் எத்தனை வருடத்தை விட்டுக்கொடுப்பீர்கள்?" நிறைய விட்டுக்கொடுத்தால் நோய் பெரிது. ஒன்றுமே கொடுக்கவில்லை என்றால் நோயே இல்லாத மாதிரி. அழகான கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

ஒத்திகைக்கு எஸ்தரை உட்கார வைத்தோம். "நான் எட்டு வருசம் தாறேன், கூடவே எங்க மாமியாரையும் சேத்துத் தாறேன், வாங்கிக்கிடுங்க" என்றாள். மொத்தக் குழுவும் மேஜையில் விழுந்து சிரித்தது. எனக்கு அந்த நேரம் பார்த்துத் தேநீர் வாங்க வெளியே போக வேண்டியிருந்தது.

ஜூலை 8, செவ்வாய். மூலனூர்

சீட்டுக் குலுக்கியதில் ஆய்வு நடக்கும் இடமாக எங்கள் பக்கமே வந்தது. வரும் வழியில் ஜீப்பை மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னேன். டிரைவருக்கு ஓய்வு தேவை.

என் அழகான கேள்வி இன்று பட்ட பாட்டை எழுதியே ஆக வேண்டும்.

முதல் பெண் கேள்வியைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். "ஏனுங்க, ஆயுசக் கொறைக்கறதுக்கா கவர்மெண்டுல ஆளு அனுப்பியிருக்குது?" இரண்டாமவள் உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து எனக்குச் சுற்றினாள். "நல்ல புள்ளையாட்டத் தெரியறீங்கொ, வெள்ளிக்கெழமையுங்கூட இப்படிக் கேப்பீங்களாட்ட இருக்குது!" மூன்றாமவள் ஜாதகத்தை விரித்தாள். எழுபத்தெட்டு வரை எழுதியிருக்கிறது, நடுவில் கைவைக்க நான் யார் என்றாள். நான்காமவள்தான் தாராளம். "என்றதுல ஒரு நாளுங்கூடத் தர மாட்டனுங்க. வேணும்னா எங்கூட்டுக்காரரோடதுல எத்தன வேணுமோ எடுத்துக்குங்க."

அவர் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் தொல்லை உண்டு. எல்லாரும் குரலைத் தாழ்த்தி அதை ஒப்புக்கொண்டார்கள். யாரும் ஒரு வருடம் தரவில்லை.

ஜூலை 14, திங்கள்

சென்னை. விடை: சுழியம். எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், கட்டிக்கொடுக்க வேண்டும், அதற்கு முன் சாகவே கூடாது. ஆயுள் தங்களுடையது என்றே அவர்கள் நினைக்கவில்லை, பிறகு எப்படிப் பேரம் பேசுவார்கள்?

மாதவராஜ் சார் காகிதத்தைப் பார்த்தார். "ஆக, தொல்லையால ஒரு இழப்பும் இல்ல. இழப்பு இல்லேன்னா பயிற்சியால லாபமும் இல்ல. நவம்பர் குழுவுல தள்ளுபடின்னு வெச்சு முடிச்சிடலாம். போன வருஷம் மூட்டு ஆபரேஷனுக்குக் கேட்டப்போ ஆம்பளைங்க மூணு வருஷம் நாலு வருஷம்னு அள்ளி விட்டாங்களே."

தள்ளுபடியான கோப்பை ஐந்து வருடத்துக்கு யாரும் தொட முடியாது. எங்கள் விதி. நானே முன்மொழிந்த விதி.

"இழப்பு இல்லைன்னு சொல்ல முடியாது சார்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"எப்படிச் சொல்றீங்க?"

"கணக்குத் தெரிஞ்சவங்கற முறையில சொல்றேன்."

எஸ்தர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் சிரிக்காமல் இருந்தது இன்றுதான் முதல் முறை.

ஜூலை 22, செவ்வாய். மூலனூர்

சொந்தச் செலவில் விடுப்புப் போட்டு மறுபடி வந்திருக்கிறேன். காரணம் கேட்டால் தெரியாது. அம்மாவிடம் வந்ததைச் சொல்லவில்லை.

கேள்வித்தாள் எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்து பேசினேன். துளசிமணி என்று ஒரு பெண், பனியன் கம்பெனியில் தைக்கிறாள், என் வயதுதான் இருக்கும். அவள் பேச்சு அப்படியே இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

"ஆயுசெல்லாம் எதுக்குங்க அம்மிணி. நானு கல்யாணங் காச்சிக்குப் போயி ஏழெட்டு வருசமாச்சு. பந்தியில குனிஞ்சு நிமுந்தா பயம். சொந்தபந்தம், ஒறம்பரைக கூடிச் சிரிச்சா பயம். மண்டபத்துக்குள்ள போனதும் பொண்ணு மாப்பளையப் பாக்க மாட்டனுங்க, கக்கூசு எந்தப் பக்கம்னுதான் பாப்பேன். என்ற தம்பி கல்யாணத்துல இணைச்சீருக்கு நாந்தான் இருக்கோணும். காச்சல்னு படுத்துக்கிட்டனுங்க. எங்க சித்தி மகதான் கூடையெடுத்தா. தம்பி அதுக்கப்புறம் எம்பட ஊட்டுப் படி மிதிக்கறதில்ல. அவனுக்கு என்னன்னு சொல்றது, சொல்லுங்?"

அவள் கொடுத்த மோரை நான் குடிக்கவில்லை. பயணத்தில் எதையும் குடிப்பதில்லை என்பது என் பழக்கம்.

ஜீப் இல்லாமல் பஸ்ஸில் திரும்பினேன். ஓரத்து இருக்கை, இறங்கும் வாசலுக்குப் பக்கத்தில். தாராபுரம் தாண்டும்போது அந்த எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர் "இன்னும் ஸ்டாப்பு வல்லீங்க" என்றார்.

வருடத்தை ஏன் கேட்க வேண்டும்? அவர்கள் ஏற்கெனவே எதை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ அதையே கேட்டால் என்ன? உங்கள் சொந்தத்தில் பத்துக் கல்யாணம் வருகிறது. பத்துக்கும் இந்தத் தொல்லையோடு போகலாம். அல்லது தொல்லை இல்லாமல், ஆனால் பத்தைவிடக் குறைவான கல்யாணத்துக்குப் போகலாம். எத்தனையை விடுவீர்கள்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

"கல்யாணத்த வெச்சு நோய அளக்கறதா?" சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். "தமயந்தி, போன மாசம் எடுத்த லீவு உங்களுக்குப் பத்தலையோ?"

வருடத்தைத் தராதவர்களிடம் எத்தனை மணி நேரத் தூக்கத்தை விடுவீர்கள் என்று கேட்டு அளந்திருக்கிறார்கள், எங்கள் தொழிலில் புதிதல்ல என்றேன். போன வருடம் வருடத்தை அள்ளி விட்ட மூட்டுவலி ஆண்களிடமே போய்க் கல்யாணத்தையும் கேட்போம். எத்தனை கல்யாணம் எத்தனை வருடத்துக்குச் சமம் என்று அதில் தெரிந்துவிடும். அந்த விகிதத்தை வைத்துப் பெண்களின் விடையை மாற்றலாம் என்றேன். மூச்சு விடாமல் பேசினேன்.

சார் மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டினார். "பொருந்துதுங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன். மூலனூர்

ஆயுளுக்கு வாய் திறக்காதவர்கள் கல்யாணத்துக்குத் திறந்தார்கள் பாருங்கள், மூட வைக்க முடியவில்லை. சமுதாயக் கூடத்தில் ஒருவர் ஒருவராகக் கேட்பதாகத் திட்டம். இரண்டாவது ஆளிலேயே மொத்தக் கூட்டமும் உள்ளே வந்துவிட்டது.

"பத்துன்னா எந்தப் பத்துங்க? பங்காளி ஊட்டுதா, மாமன் ஊட்டுதா?"

"சமையல் யாருது? அதச் சொல்லாம எப்படிங்க விடறது?"

"எங்க நாத்தனா மக கல்யாணத்தையும் சேத்துத்தான் பத்தா? அப்ப ஒண்ண இப்பவே விட்டாச்சு, எழுதிக்குங்க."

எல்லாமே ஒரே அளவு நெருங்கிய சொந்தம், சாப்பாடு எல்லாவற்றிலும் சுமார் என்று விதி போட்டோம். விடைகள் ஏழு, எட்டு, ஒன்பது என்று எகிறின. நான் மிதந்தேன். எஸ்தரைக் கூப்பிட்டு எண்களைக் காட்டினேன். இவ்வளவு பெரிய இழப்பை எந்த நோயிலும் பார்த்ததில்லை என்றேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். "போகாத கல்யாணத்துக்கு மொய்யி வெக்க வேண்டியதில்லைல்லோ?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். புரிந்துவிட்டது. இவர்கள் தொல்லையைப் போக்கக் கல்யாணத்தை விடவில்லை. மொய்யை மிச்சம் பிடிக்க விட்டிருக்கிறார்கள்.

"போகாட்டியும் மொய் அனுப்பித்தான் ஆகணும். இது இந்தக் கணக்கோட விதி" என்றேன் உறுதியாக.

"அப்பச் சரி, அந்த ஒம்பத அழிச்சுப்போட்டு நாலுன்னு போடுங்க!"

"எனக்கு அஞ்சு!"

"நான் மொதல்லயே அஞ்சுதான் சொன்னனுங்க, நான் என்ன மொய்யிக்கு அழுகறவளா?"

"நீயா! போன தையில எங்கூட்டுக்கு வெச்சத நான் சொல்லட்டுமா?"

எஸ்தர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூடம் முழுக்கப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரிக்க, பாதிப் பேர் சிரித்துக்கொண்டே காலை இறுக்கிக்கொண்டு "அய்யோ போதும், போதும்" என்று கத்த, அதைப் பார்த்து மீதிப் பேர் சிரிக்க, என் பேனா கையிலிருந்து நழுவியது. ஜீப்பில் ஒரு காகிதத்தை மறந்துவிட்டேன் என்று வெளியே ஓடினேன்.

துளசிமணி பின்னாலேயே வந்தாள். "கக்கூசு அந்தப் பக்கமுங்க. தண்ணி புடிச்சு வெச்சிருக்கறன்" என்றாள்.

நான் அவளிடம் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மொய் விதியோடு எல்லா ஊரிலும் திரும்பக் கேட்டு முடித்தாயிற்று. பத்துக்கு நாலு, நாலரை. இது நிஜமான எண். முழங்காலில் எலும்பு உரசும் ஆண்கள் விட்ட கல்யாணங்களுக்குக் கிட்டத்தட்டச் சமம். மூட்டுக்கு அரசு ஆபரேஷன் செய்கிறது.

இதை எழுதும்போது எனக்குக் குதிக்க வேண்டும் போல இருக்கிறது. குதிக்கவில்லை. கீழ் வீட்டில் குழந்தை தூங்குகிறது.

செப்டம்பர் 3, புதன்

எஸ்தரின் பயிற்சி வகுப்புக்குப் போனேன். செலவுக் கணக்குக்காக. ஒரு வகுப்புக்கு எத்தனை பாய் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகிறது என்று நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது. சுவர் ஓரமாகப் பார்வையாளராக ஒரு பாயில் உட்கார்ந்தேன்.

"மக்களே, ஒண்ணுக்குப் போறத பாதியில நிறுத்துக மாதிரி நெனச்சுக்கிட்டு உள்ளுக்கு இழுங்க. வயித்த இழுக்காதீங்கோ. மூச்ச அடக்காதீங்கோ. பத்து எண்ணுங்கோ. இப்ப மெதுவா விடுங்கோ. மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கீங்க, இழுக்கது மூஞ்சியால இல்ல!" என்னைத் தாண்டிப் போகும்போது குனியாமலே சொன்னாள். "பார்வையாளருங்களும் மூச்ச அடக்கக் கூடாது மேடம்."

நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். எப்படித் தெரிந்தது?

செப்டம்பர் 17, புதன்

ஆய்வின் நேர்மைக்காக நானும் பயிற்சி செய்து பார்க்கிறேன். தினமும் செய்வது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு சிரமம் என்று தெரிந்தால்தானே, எத்தனை பேர் பாதியில் விடுவார்கள் என்று சரியாகக் கணக்கிட முடியும்? பல் தேய்க்கும்போது செய்கிறேன். கிண்டி சிக்னலில் செய்கிறேன். மாதவராஜ் சார் கூட்டத்தில் பேசும்போது செய்கிறேன். அவர் பேச்சுக்கு மூன்று சுற்று தாராளமாக முடிகிறது. "இன்னிக்கு தமயந்தி ரொம்பக் கவனமாக் கேட்டாங்க" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலையில் வெடிப் புகையில் ஆறு முறை தும்மினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை! இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கக்கூடாது. கணவர் "எதுக்கு இப்படி ஒரு சந்தோஷம், போனஸ் வந்துச்சா?" என்றார். அவருக்கு இரண்டு அதிரசம் கூடப் போட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

தம்பியே பேசினான். "அக்கா, சுகந்தியக்காகிட்ட அம்மா கேட்டாச்சு. உனக்கு ஆபீஸ்னா பரவால்ல" என்றான். பரவாயில்லை என்று சொல்கிறவன் குரல் அப்படி இருக்காது. இவன் சின்ன வயதில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டேதான் எல்லா இடத்துக்கும் வருவான்.

"பாக்கறேன் தரணி" என்றேன். தும்மல் வேறு, மண்டபம் வேறு. மண்டபத்தில் எத்தனை மச்சான்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 20, வியாழன்

குழுக் கூட்டம். உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

மேஜையைச் சுற்றி மருத்துவப் பேராசிரியர்கள், அதிகாரிகள், நடுவில் நிதித்துறை அம்மா. ஹேமலதா என்று பெயர். அவர் பேனா மூடியைத் திறந்தால் ஒரு திட்டம் போச்சு என்பார்கள். நான் ஆயுள் கேள்வி தோற்றதைச் சொன்னேன். கல்யாணக் கேள்வியைச் சொன்னேன். மொய் விதியைச் சொன்னதும் ஒரு பேராசிரியர் தண்ணீரைத் துப்பிவிட்டார். விகிதத்தில் எனக்கே சந்தேகம் இருக்கிறது என்றும், அதனால் பெண்கள் சொன்ன எண்ணைப் பாதியாக வெட்டிப் பார்த்தேன் என்றும், வெட்டிய பிறகும் பயிற்சிக்கான செலவு தாராளமாகத் தேறுகிறது என்றும் சொன்னேன்.

ஹேமலதா அம்மா பேனா மூடியைத் திறந்தார்.

"நல்லா இருக்கு. ஆனா கேக்கறவங்க முகத்தப் பாத்து ஜனங்க ஒரு எண்ணச் சொல்லுவாங்க. நாலு கல்யாணத்த நிஜமாவே யாராவது விடுவாங்களா? வாயால விடறது சுலபம். சும்மா கேக்கறேன், உங்ககிட்ட இந்தக் கேள்வியக் கேட்டா நீங்க எத்தனைன்னு சொல்லுவீங்க?"

ஆய்வாளர் தன் விடையைச் சொல்வது முறையல்ல என்று ஒரு நல்ல பதில் என்னிடம் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"ஒம்பது மேடம். வாயால இல்ல, நிஜமாவே ஒம்பது விட்டிருக்கேன். பொண்ணு பொறந்ததுலேர்ந்து. பத்தாவது என் தம்பியோடது. நான் அவனுக்குப் பக்கத்துல இருந்து சீர் செய்யணும். அதுக்கும் வேற ஆள் பாத்து வெச்சிருந்தேன்."

மாதவராஜ் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்துவிட்டார். என் காது இரண்டும் எரிந்தன. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஆறு வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த எதுவோ விட்டுப்போய் உடம்பே லேசாக இருந்தது.

ஹேமலதா அம்மா பேனாவை மூடினார். "ஒரு பத்து நிமிஷம் இடைவேளை விடலாமா?" என்றார்.

அறையிலிருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்தோம். ஆண்கள் திகைத்துப் பார்க்க, நேராகப் போய்க் கழிப்பறைக்கு வெளியே வரிசையில் நின்றோம். ஒரு துணைச் செயலர் முந்திக்கொண்டு உள்ளே போய்விட, வெளியே ஹேமலதா அம்மா, ஒரு பேராசிரியை, சுருக்கெழுத்துப் பெண், எஸ்தர், நான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எஸ்தர்தான் தொண்டையைச் செருமினாள்.

"குழுவுல கோரத்துக்கு வேண்டிய ஆளெல்லாம் இங்கதான் இருக்கு. இங்கயே தீர்மானத்தப் போட்டிரலாமா?"

முதலில் பேராசிரியை குபீரென்றார். பிறகு சுருக்கெழுத்துப் பெண். ஹேமலதா அம்மா ஒரு கையால் சுவரையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, என்னைச் சிரிக்க வைக்காதீங்க, கதவத் திறக்கச் சொல்லுங்க முதல்ல!" என்று கெஞ்சினார். உள்ளே இருந்த துணைச் செயலரும் சிரிப்பது கேட்டது.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பழக்க தோஷம்.

இரண்டு மாவட்டத்தில் தொடங்கலாம், ஒரு வருடம் கழித்துப் பார்த்து விரிக்கலாம் என்று தீர்மானம். வெளியே வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். "சுகந்திகிட்டச் சொல்லிரு. கூடைய நானே எடுக்கறேன்."

"பட்ஜெட்டு?"

"அது முடிஞ்சுதும்மா. இன்னிக்குத்தான்."

டிசம்பர் 12, வெள்ளி

இணைச்சீருக்குப் புடவை எடுத்தேன். சந்தன நிறம். கடைக்காரர் இதே டிசைனில் கருநீலமும் காட்டினார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து பயந்தேன். மூன்று சுற்றுப் பயிற்சி செய்தேன்.

ஜனவரி 27, செவ்வாய். காங்கேயம்

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மாலை. மண்டபம் நிறைய ஒறம்பரை. மூன்றாவது வரிசையில் எஸ்தர் பட்டுப்புடவையில், பக்கத்தில் நான் அழைத்து வந்த துளசிமணி. சந்தன நிறப் புடவையில் பேழைக்கூடையோடு நான், என்னை ஒட்டித் தரணி. ஒரு டம்ளர் மோர் முழுசாகக் குடித்துவிட்டுத்தான் வந்தேன், வேண்டுமென்றே. மச்சான்கள் வரிசையாக வந்து முயன்றார்கள். "கூடைக்குள்ள லேப்டாப்பா அம்மிணி?" என்றார் ஒருவர். தாங்கினேன். அருமைக்காரர் நிதானமான மனிதர், ஒவ்வொரு சீரையும் ரசித்துச் செய்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

அப்போது தரணி என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் கிசுகிசுத்தான்.

"அக்கா... எனக்கு ஒண்ணுக்கு முட்டுது. நெம்ப நேரமாத் தாங்கல."

வீடியோக்காரர் அவன் சட்டையில் மைக் மாட்டியிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை.

அது மண்டபத்தின் எட்டு ஸ்பீக்கரிலும் வந்தது. வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். எனக்கோ இன்னும் உறைக்கவில்லை. பாவம் என் தம்பி என்றுதான் தோன்றியது. ஐந்து மாதப் படிப்பு அப்படியே வாயில் வந்தது.

"மூச்ச அடக்காத தரணி. உள்ளுக்கு இழுத்துப் புடி. பத்து எண்ணு. மூஞ்சியால இழுக்காத."

அதுவும் எட்டு ஸ்பீக்கரிலும் வந்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து எஸ்தர் எழுந்து நின்று, "வயித்த இழுக்காதீங்கோ மாப்ள!" என்று கத்தினாள். துளசிமணி, "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணத் தொடங்கினாள். மண்டபமே சேர்ந்து எண்ணியது. பெண் வீட்டாரும் எண்ணினார்கள். அருமைக்காரர் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தரணி "அக்கா, என்னக்கா நீ" என்று அழாத குறையாகச் சொன்னான், அதுவும் ஸ்பீக்கரில் வந்தது.

நான் சிரித்தேன். உதட்டைக் கடிக்கவில்லை, கால்மேல் கால் போடவில்லை, ஜீப்பில் எதையும் மறக்கவில்லை. கூடையைக் கட்டிக்கொண்டு, தம்பி மேல் சாய்ந்து, எல்லார் முன்னாலும், தொண்டை கமறும்வரை சிரித்தேன். மாப்பிள்ளையை ஓட விட்டு, அவன் திரும்பி வந்து உட்காரும்வரை, நான் அந்த இடத்தை விட்டு நகராமல் சிரித்துக்கொண்டே இருந்தேன். எஸ்தர் கையைக் கத்தரியாக்கித் தன் கூந்தலை வெட்டுவதுபோல் காட்டினாள். வேளாங்கண்ணிக்கு நானே டிக்கெட் எடுத்துத் தருவேன்.

சீர் முடிந்து எழுந்ததும் துளசிமணி ஓடி வந்து என் புடவையைப் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகத்தைப் பார்த்தாள். "என்னங்க அம்மிணி, இப்படித் தண்ணியா ஊத்துது?" என்று தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

கண்ணில்தான். கண்ணில் மட்டும்தான்.